பின் சிக்னல் பல்பும் எங்கள் உப்புக் காற்றும்



சிக்னல் போடும்போது 'டிக் டிக்' சத்தம் வழமையைவிட வேகமாகக் கேட்டால், அநேகமாக அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போய்விட்டது என்று அர்த்தம். பின்பக்கத்தை இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பெரும்பாலான கார்களில் இதை நாங்களே வீட்டில் மாற்றலாம். எஞ்சினை நிறுத்தி, பல்ப் சூடு ஆறியதும் டிக்கியைத் திறந்து, லைட்டுக்குப் பின்னாலுள்ள ஹோல்டரை இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். உருண்டை அடியுள்ள பல்பை அமர்த்தித் திருக வேண்டும். தட்டை அடியுள்ளதை நேரே இழுத்தால் போதும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். அநேகமாக 12 வோல்ட், 21 வாட். லைட்டின் மூடி வெள்ளையென்றால் மஞ்சள் பல்ப், மூடி மஞ்சளென்றால் வெள்ளை பல்ப்.

புது பல்பும் எரியவில்லையா? ஹோல்டருக்குள் பாருங்கள். மன்னாரின் உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்துத் துடைத்தால் பல தடவை சரியாகிவிடும்.

எங்கள் வீதிகளில் கழுதைகள் படுத்திருக்கும். விலகிப் போக சிக்னல் போடுகிறோம். பின்னால் டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைக்கு எங்கள் மனதிலுள்ளது தெரியாது. அந்த மஞ்சள் வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படும் முன், வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, இரண்டு பக்கமும் போட்டுப் பார்ப்போம்.