நெக்கர் கரையில் ஒரு வீடு – 4: கதவில் தொங்கிய அட்டை

திங்கட்கிழமை வகுப்பு முடிந்து வந்தால், எங்கள் கதவுக் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்குகிறது. 'கேர்வோஹெ' என்று எழுதியிருந்தது. பெருக்கும் வாரம் என்று பொருளாம். "இந்த வாரம் நம் முறை" என்றார் நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா. (பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொல்கிறார்; எனக்கு வாய் வரவில்லை.) அந்த 'நம்' என்ற சொல் அன்று முழுக்கக் காதிலேயே இருந்தது. ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகருக்கு வந்த ஐந்து வாரமும் நான் விருந்தாளியாகத்தானே இருந்தேன்!

எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகள். படிக்கட்டு, நிலவறை வழி, வாசல் நடைபாதை எல்லாவற்றையும் வீட்டுக்கு ஒரு வாரம் சுத்தம் செய்ய வேண்டும். ஷ்வாபியப் பகுதியின் பழைய வழக்கம் இது. 1477-இல் இவ்வூர்ப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ஏபர்ஹார்ட் கோமான்தான், 1492-இல் ஸ்டுட்கார்ட் மக்கள் வாராவாரம் சாணக்குப்பையை அகற்ற வேண்டும் என்று ஆணையிட்டவர். 1988-இல் அந்நகரம் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனாலும் குடியிருப்புகளில் வழக்கம் விடவில்லை.

சனிக்கிழமை மதியம் துடைப்பத்தை எடுத்தேன். நீளக் கம்பு, அடியில் கட்டையான குச்சமயிர். நிமிர்ந்து நின்றே பெருக்கலாம். தென்னந்துடைப்பத்துக்குக் குனிந்து பழகிய முதுகு இங்கும் தானாகக் குனிந்தது. ஈர இலைகள் கல்லோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. நகத்தால் சுரண்டித்தான் எடுத்தேன். பெருக்கி முடித்ததும் ஊரில் என் அம்மா செய்வதுபோல் ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வாசல் தெளித்துவிட்டேன்.

நவம்பர் கடைசி. மாலையில் வெளியே போன வீட்டு அம்மாவின் கணவர் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தெளித்த தண்ணீர் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அவர் திட்டவில்லை. நிலவறையிலிருந்து பொடிக்கல் வாளியைக் கொண்டுவந்து, இரண்டு கை அள்ளி எப்படித் தூவ வேண்டும் என்று காட்டினார். மீதியை நான் தூவினேன்.

ஞாயிறு இரவு அட்டையை மேல்வீட்டுப் பாட்டியின் கதவில் மாட்டப் போனேன். அவரே கதவைத் திறந்தார். படிகளை எட்டிப் பார்த்தார், கைப்பிடிச் சட்டத்தில் விரலை ஓட்டினார், அட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

முகம் வாடி இறங்கி வந்தேன். ராச்சாப்பாட்டுக்கு ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த வீட்டு அம்மா நிமிர்ந்தார்.

"ஒன்றுமே சொல்லவில்லையா?"

"இல்லை."

"அப்படியானால் நன்றாகப் பெருக்கியிருக்கிறாய்" என்று முதல் துண்டை என் பலகையில் வைத்தார்.