நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய கட்டிலையும் நாற்காலியையும் விறகு விலைக்குத் தள்ளிவிட்ட காலம் மறைந்து, அவற்றைத் தேடி வெளியூர் வியாபாரிகள் நம் தெருக்களில் நுழையும் காலம் வந்துள்ளது. கொழும்பிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் தொழில் செய்த நம் முன்னோர் கொண்டுவந்து சேர்த்த சாமான்கள் கீழக்கரை வீடுகள் பலவற்றில் இன்றும் உள்ளன. அவற்றுள் அசல் எது, அசலைப் பார்த்துச் செய்தது எது என்று அறியாததால் விற்பவரும் ஏமாறுகிறார், வாங்குபவரும் ஏமாறுகிறார்.

என் ராத்தாவின் வீட்டில் வளைந்த கம்புகளால் ஆன நாற்காலிகள் ஆறு இருந்தன. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய நாளில், அதாவது 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு, கொழும்பிலிருந்து வந்தவை என்பது வீட்டுப் பேச்சு. மச்சான் மறைந்த பிறகு, மகளின் நிக்காஹ் செலவுக்காக ராத்தா அவற்றை விற்க எண்ணினார். பார்க்க வந்த வியாபாரி, "எல்லாம் டூப்ளிகேட், இடத்தை அடைத்துக்கொண்டு எதற்கு?" என்று கூறி, ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளின் விலையைச் சொன்னாராம். "தம்பி, நீ மரக்கடையில் கணக்கு எழுதியவன்தானே, ஒரு முறை வந்து பார்" என்று ராத்தா அழைத்தார்.

இவ்வகை நாற்காலியின் வரலாறு சுவையானது. 1796-இல் ஜெர்மனியில் பிறந்த மைக்கேல் தோனெட் என்னும் தச்சர், பீச் மரக் கம்புகளை நீராவியில் பதமாக்கி வளைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1859-இல் வெளிவந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலியில் ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள் மட்டுமே உண்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கிவிடும். கப்பலேறி உலகெங்கும் போவதற்கு வேறென்ன வேண்டும்? 1869-இல் காப்புரிமை முடிந்ததும் வியன்னாவின் கோன் நிறுவனம் முதலிய பலரும் அதே வகையைச் செய்யலாயினர். ஆகவே தோனெட் செய்யவில்லை என்பதனாலேயே ஒரு நாற்காலி போலியாகிவிடாது. கோன் நாற்காலியும் தன் பெயரில் அசல்தான்.

ஆறையும் முற்றத்தில் கவிழ்த்து வைத்தோம். மேற்புறம் எவர் கையாலும் மெருகேறும். உண்மை பெரும்பாலும் அடிப்புறத்தில்தான் இருக்கும். இருக்கை வளையத்தின் உட்பக்கத்தில் நிறுவனத்தின் முத்திரையோ காகிதச் சீட்டோ இருப்பது வழக்கம். சீட்டை மட்டும் நம்பலாகாது. புதிதாக அச்சிட்டுத் தேநீரில் நனைத்து ஒட்டுவது கடினமான காரியமன்று. மரத்தில் அழுந்திய முத்திரையாயின், அதன் பள்ளத்திலும் பழைய அழுக்கு படிந்திருக்கும். அடுத்து மர ரேகை. நீராவியில் வளைத்த கம்பில் ரேகையும் வளைவோடு கூடவே ஓடும். பலகையை வளைவாக அறுத்துச் செய்ததில் ரேகை குறுக்கே வெட்டுப்படும். தோனெட்டின் 14-ஆம் எண்ணில் பின்கால் இரண்டும் முதுகு வளைவும் ஒரே கம்பு. அங்கே ஒட்டு தென்பட்டால் ஐயம் கொள்ளலாம். திருகாணியின் தலையில் கூட்டல் குறி இருந்தால் அது 1930-களுக்குப் பிந்தியது. பழுதுபார்த்தபோது மாற்றியதாகவும் இருக்கலாம். நம் உப்புக் காற்றில் நூறாண்டு நின்ற இரும்பு துருவேறாமல் பளபளத்தாலும் கேள்வி கேட்க வேண்டியதுதான். பிரம்புப் பின்னல் புதிதாக இருப்பது மட்டும் குற்றமன்று. பிரம்பு அறுந்தால் மாற்றத்தானே செய்வார்கள்!

நான்கில் கோன் முத்திரை தெளிவாக இருந்தது. மற்ற இரண்டும் தேக்கு. முதுகில் ஒட்டு இருந்தது. உடைந்த இரண்டுக்கு ஈடாக நம் பக்கத்துத் தச்சர் எவரோ செய்து கொடுத்திருக்க வேண்டும். அந்த வேலைப்பாட்டின் மீதுதான் எனக்கு ஆசை! விற்பவர் குறையை மறைக்காமல் கூற வேண்டும் என்பது நம் மார்க்கம் வகுத்த வணிக நெறி. அடுத்து வந்தவரிடம் ராத்தாவே அந்த இரண்டையும் தனியே காட்டினார். அவர் நான்கை மட்டும் முதல் வியாபாரி சொன்னதைப் போலப் பன்மடங்கு கொடுத்து எடுத்துக்கொண்டார்.

நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய கதை சண்டிகரில் நடந்தது. லெ கொர்பூசியேயின் உறவினரான பியேர் ஜானரே, அந்நகரின் அலுவலகங்களுக்காகத் தேக்கும் பிரம்பும் கொண்டு வடிவமைத்த நாற்காலிகள் ஒரு காலத்தில் கழிவுப் பொருளாக ஏலம் போயின. பின்னர் வெளிநாட்டு ஏலங்களில் அவை இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகவே, 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்தது. அந்நாற்காலிகளில் வடிவமைத்தவரின் கையெழுத்து இல்லை. அலுவலகப் பெயரின் எழுத்துகளும் எண்ணும் சாயத்தால் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்தைப் புது மரத்தில் தீட்டிப் பழையதாக்கும் வித்தையும் கூடவே பிறந்துவிட்டது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இன்ன நிறுவனம், இன்ன மரம், இன்ன பகுதி மாற்றப்பட்டது என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவரிடம் நான் அவர் தரும் தேநீரை மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுவது வழக்கம்.