தண்டனைக்கு முன்னால் நிற்கும் சட்டம்

தோழர்களே,

கோவையில் ஒரு பயிற்சி வகுப்பில் சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டார்: "ஏனுங்க தோழர், ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவன் கைக்கு மறுபடியும் துப்பாக்கி எப்படிங்க வருது? சட்டம் தடுக்காதுங்களா?"

நியாயமான கேள்விதான். 2023 பிப்ரவரியில் ரவுடிகளின் மோதலில் கோவை நகருக்குள் ஒரு இளைஞர் வெட்டப்பட்டதோடு துப்பாக்கியாலும் சுடப்பட்டார். மறுநாளே நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் இன்னொருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

சட்டம் தடுக்கத்தான் செய்கிறது. வன்முறைக் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து 5 ஆண்டுகள் வரை துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 9. ஆனால் கள்ளத் துப்பாக்கி வாங்குகிறவன் கலெக்டர் ஆபீசில் மனு போட்டுக் காத்திருப்பதில்லை.

நமக்கு இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்தத் தடை தீர்ப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. கோகுல்ராஜ் கொல்லப்பட்டது 2015இல். சாட்சிகள் பிறழ்ந்தார்கள். தாய் போராடி வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்தார். 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது 2022இல். அந்த ஏழு ஆண்டுகளும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் தண்டனை பெற்றவர்கள் அல்ல. அந்தத் தாயைப் போலப் போராட முடியாத குடும்பங்களின் வழக்குகள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, அரிவாள். 2016 மார்ச் 13 அன்று உடுமலையில் சங்கரைக் கொன்றது துப்பாக்கி அல்ல. விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட கருவிகளை ஆயுதச் சட்டம் ஆயுதமாகவே கணக்கில் எடுப்பதில்லை. அரிவாளுக்கு லைசென்ஸ் ஏது?

அப்படியானால் சட்டத்தால் பயனே இல்லையா? இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதில் விதி 3ஐ ஒருமுறை படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடும் என்று அடையாளம் காணப்பட்ட பகுதியில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து அந்தத் துப்பாக்கிகளை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் நம் மக்களுக்கே ஆயுத உரிமம் தரலாம். இதற்கு யாரும் தண்டிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னால் இளைஞர்கள் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். குற்றவாளி ஜாமீனில் ஊருக்குத் திரும்பிய நாளில், ஒரு வீட்டில் என்னிடமே கேட்டார்கள்: "நமக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க தோழர்." அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. அந்த விதி இருப்பதும் நல்லதுதான். ஆனால் கூலிக்குப் போகிற வீட்டில் தொங்கும் ஒரு துப்பாக்கி அந்தத் தெருவையே காப்பாற்றிவிடாது. மறுநாள் பொய் வழக்குப் போடுவதற்கும் அதுவே காரணமாகலாம்.

நம் வேலை ஜாமீன் கட்டத்திலேயே தொடங்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 15அ 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் தரப்பையும் கேட்க வேண்டும். சாட்சிக்குப் பாதுகாப்புக் கேட்கலாம்.

அந்த மாணவிக்கு நான் கொடுத்த வேலையை உங்களுக்கும் தருகிறேன். உங்கள் மாவட்டத்தில் விதி 3இன்படி எத்தனை உரிமங்கள் ரத்தாகின, எத்தனை துப்பாக்கிகள் பறிமுதலாகின என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். வருகிற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

ஜெய்பீம்.