இழந்த புள்ளிக்கும் ஒரு சபாஷ்

இலக்கியக் கட்டுரைகளுக்கென வகுக்கப்பட்ட மலரில் இறகுப் பந்தைப் பற்றி எழுதுவதற்குச் சமாதானம் எதுவும் கூறப் போவதில்லை. தலைநகரில் குளிர்காலத்தைக் கழித்த தமிழர் எவருக்கும் அது தேவைப்படாது. கார்த்திகை பிறந்து காற்று அடங்கியதும் இங்குள்ள பூங்காக்களில் இரண்டு கம்பங்கள் முளைக்கும். சுண்ணாம்புக் கோடுகள் விழும். தரைத்தள வீடு ஒன்றின் சன்னலிலிருந்து மின்கம்பி இழுக்கப்பட்டு விளக்குகள் தொங்கும். பகலெல்லாம் கோப்புகளோடு மல்லாடியவர்கள் இரவில் கம்பளித் தொப்பியோடு களத்தில் இறங்குவார்கள். வடநாட்டு நண்பர்கள் பந்தைச் ‘சிடியா’, அதாவது சிட்டுக்குருவி, என்பார்கள். பதினாறு இறகுகளும் ஐந்து கிராம் அளவே எடையும் கொண்ட அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்களுக்குத் தோன்றியதில்லை.

மயூர் விஹார் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் எண்மர் பல்லாண்டுகளாக இவ்வாறு ஆடி வருகிறோம். ஐவர் தமிழர், ஒருவர் வங்காளி, ஒருவர் பஞ்சாபி, ஒருவர் கர்வாலிலிருந்து வந்தவர். ஆட்டத்தின் நுட்பங்களைப் பற்றி எழுதும் தகுதி எங்களுக்கு இல்லை. ஒரு புள்ளி முடிந்து மறு புள்ளி தொடங்குவதற்கு இடையே இணையாக ஆடும் இருவருக்குள் நிகழும் சிறு சடங்கைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம். மட்டையோடு மட்டையைத் தட்டுவது, உள்ளங்கையோடு உள்ளங்கையை அறைவது, ஒன்றுமில்லையேல் ஒரு தலையசைப்பு. பார்வையாளர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆடுகிறவர்களுக்கோ ஆட்டத்தின் பாதி அதில்தான் இருக்கிறது.

இரட்டையர் ஆடுகளம் 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் கொண்டது. நடுவே ஓடும் கோடு சர்வீஸ் போடுவதற்கு மட்டுமே பொருள் உடையது; அது முடிந்தபின் எந்தப் பகுதி எவருடையது என்று எந்த விதியும் சொல்வதில்லை. ஆகவே இருவருக்கும் நடுவே வரும் பந்து இருவருடையதும்தான், யாருடையதும் அன்று. இருவரும் பாய்ந்தால் மட்டைகள் மோதும். இருவரும் விட்டுக்கொடுத்தால் பந்து தரையில் கிடக்கும். கூட்டுக் குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நிலைமை புதிதன்று. அப்படி ஒரு பந்து வீழ்ந்த அடுத்த கணத்தில் இருவரும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைக் கவனித்தால், அந்த இணை எத்தனை நாள் நிலைக்கும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. வென்றதைக் கொண்டாடுவது அடக்கக் குறைவு என்றே நாங்கள் வளர்க்கப்பட்டோம். பஞ்சாபி நண்பர் ஒவ்வொரு புள்ளிக்கும் “ஷாபாஷ்!” என்று முழங்கியபோது, தொடக்கத்தில் எங்களுக்குக் கூச்சமாகவே இருந்தது. பிறகுதான் நினைவு வந்தது, அது நமக்கும் பழகிய சொல்லாயிற்றே என்று. ‘மகிழ்ந்திரு’ என்று பொருள்படும் பாரசீகத் தொடரிலிருந்து பிறந்து, பஞ்சாபுக்கும் தஞ்சாவூருக்கும் பொதுவாகிப்போன சொல் அது. நமது கச்சேரி மேடைகளில் அதைக் கேளாத நாள் உண்டா? பாடகர் ஓர் ஆலாபனையை முடித்து வயலினுக்கு விடுகிறார். வயலின்காரர் அதை ஏந்தி, பாடகர் நினையாத ஒரு பிடியைக் காட்டுகிறார். பாடகர் தலையை ஆட்டிச் “சபாஷ்” என்கிறார். அந்தச் சொல் சபையை நோக்கியதன்று. பக்கத்தில் இருப்பவரை நோக்கியது. வயலின்காரர் அடுத்த ராகத்தில் இன்னும் துணிகிறார். தற்புகழ்ச்சிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! இரட்டை நாதசுரத்தின் அழகும் இதுவே. திருவீழிமிழலைச் சகோதரர்களைப் போன்றோர் இரண்டு கருவிகளை ஒரே மூச்சாக ஒலிக்கச் செய்தார்கள் என்றால், ஒருவர் மூச்சை மற்றவர் ஒவ்வொரு கணமும் காதால் கவனித்தார்கள் என்றுதானே பொருள்?

இனி, பழைய ஆட்டக்காரர்களோடு நாங்கள் அடிக்கடி வாதிடும் ஒரு செய்தி. 2006ஆம் ஆண்டில் புள்ளிமுறை மாறியது. அதற்கு முன் பதினைந்து புள்ளி ஆட்டம். சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி. இரட்டையர் ஆட்டத்தில் முதலில் சர்வீஸ் போட்டவர் இழந்தால், தொடக்கச் சுற்று நீங்கலாக, சர்வீஸ் உடனே எதிரணிக்குப் போய்விடாது. இணையாளரின் கைக்கு வரும். அவரும் இழந்த பிறகே அப்பக்கம் செல்லும். ‘இரண்டாம் கை’ என்று நாங்கள் சொல்வோம். ஒருவர் செய்த பிழையை மற்றவர் துடைக்க விதியே இடம் வைத்திருந்தது. 2006க்குப் பின் இருபத்தொரு புள்ளி. எவர் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்குப் புள்ளி. பிழை செய்த அக்கணமே எதிரணியின் எண்ணிக்கை ஏறுகிறது. இரண்டாம் கை மறைந்துவிட்டது. விதிப் புத்தகத்திலிருந்து நீங்கிய அந்தப் பொறுமையை இப்போது இணையாளர் தம் கையால்தான் அளித்தாக வேண்டும். தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்கள் வென்றாலும் இழந்தாலும் ஓயாமல் கை தட்டிக்கொள்வதைக் கண்டு, “இதென்ன வீண் ஆர்ப்பாட்டம்?” என்பார் எங்களில் மூத்தவர். எங்களுக்கு அது ஆர்ப்பாட்டமாகத் தோன்றவில்லை.

வென்ற புள்ளியிலும் ஒரு நியாயம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்மாஷ் அடித்தவரைக் கூட்டம் பாராட்டும். ஆனால் அந்தப் பந்து உயரே எழும்பியது எதனால்? முன்னால் நின்றவர் வலையை உரசிப் போகும்படி தாழ்வாகச் சர்வீஸ் போட்டதனால். எதிரணியினர் வேறு வழியின்றித் தூக்கிக் கொடுத்ததனால். பின்னால் நிற்பவருக்குப் புகழ், முன்னால் நிற்பவருக்கு உழைப்பு. நல்ல ஆட்டக்காரர் ஸ்மாஷ் அடித்து முடித்ததும் முதலில் இணையாளரை நோக்கி மட்டையை நீட்டுவார். எங்கள் வங்காள நண்பர் இதில் தவறியதே இல்லை. அவரோடு ஆட எல்லோரும் போட்டியிட்டதற்கு அவருடைய ஆட்டத் திறமை மட்டும் காரணம் அன்று.

எங்கள் களத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தென்மாவட்டம் ஒன்றிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். இந்தி தெரியாது, குடும்பம் ஊரில். அலுவலகமும் அறையும் போக அவருக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். ஊரில் பூப்பந்து ஆடியவர். கம்பளிப் பந்தை ஐவராக நின்று அடித்துப் பழகிய கைக்கு இறகுப் பந்து எளிதில் வசப்படவில்லை. அவரோடு இணை சேர்ந்தவர் எங்களுள் வல்லவர், பெரிய பதவியில் இருந்த அதிகாரி. அவர் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. பந்து தவறினால் நாக்கை உச்சுக்கொட்டுவார்; தரையைப் பார்ப்பார்; “அது என்னுடைய பந்து, தம்பி” என்பார். புள்ளி கிடைத்தாலோ முதுகைத் திருப்பிக்கொண்டு சர்வீஸ் போடப் போய்விடுவார். இளைஞர் “சாரி, சார்” என்று சொல்லிச் சொல்லியே ஒரு மாதத்தைக் கழித்தார். நல்ல பந்தையும் “சார், உங்களுடையது” என்று விட்டு ஒதுங்கத் தொடங்கினார். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்.

பத்து நாட்களுக்குப் பின் பஞ்சாபி நண்பர்தாம் அவருடைய அறைக்கே போய் அழைத்து வந்தார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஆயினும் ஒவ்வொரு பந்துக்குப் பின்னும், அது எங்கே விழுந்திருந்தாலும், நண்பர் நடந்து வந்து இளைஞரின் மட்டையைத் தம் மட்டையால் ஒரு தட்டுத் தட்டுவார். “கோயி பாத் நஹீ, பேட்டா.” அந்தத் தை மாதம் முடிவதற்குள் நடுவே வந்த பந்துக்கு இளைஞர் பாயத் தொடங்கிவிட்டார். அவர் டில்லியில் கற்ற முதல் இந்தி வாக்கியம் அது. பேருந்தில் காலை மிதித்தவரிடமும் அதையே சொன்னதாகக் கேள்வி.

பெரிய களங்களிலும் இதைக் காண்கிறோம். 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் லெராய் டிசாவும் பிரதீப் காந்தேயும் ஆடவர் இரட்டையரில் வெண்கலம் வென்றார்கள். 2010இல் இதே நகரில் காமன்வெல்த் போட்டியின் இறுதி நாளன்று ஜ்வாலா குட்டாவும் அசுவினி பொன்னப்பாவும் பெற்ற தங்கத்தை எங்களால் மறக்க இயலாது. 2022 மே மாதம் பாங்காக்கில் தாமஸ் கோப்பை இறுதியில், அமலாபுரத்துச் சாத்விக்சாய்ராஜும் மும்பையின் சிராக் ஷெட்டியும் முதல் ஆட்டத்தை இழந்து, இரண்டாவதில் தோல்விக்கு ஒரே புள்ளி தொலைவில் நின்று, 18–21, 23–21, 21–19 என்று மீண்டார்கள். இவர்களை இணைத்தவர் மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர். ஒருவர் தாய்மொழி மற்றவருக்கு அன்று. கைதட்டல் இருவருக்கும் பொது.

எல்லாவற்றினும் எங்களைத் தொட்டது இந்தோனேசியாவின் கிரேசியா பொலியின் கதை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில், அடுத்த சுற்றில் வசதியான எதிரணி கிடைக்க வேண்டுமென்று வேண்டுமென்றே தோற்க முயன்றதாக மகளிர் இணைகள் நான்கு வெளியேற்றப்பட்டன. அந்த எண்மருள் அவரும் ஒருவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்தில், தம்மைவிடப் பதினோர் ஆண்டு இளையவரான அப்ரியானி ரகாயுவோடு களம் இறங்கினார். பந்து பறந்துகொண்டிருக்கும்போதே அவருடைய மட்டை நரம்பு அறுந்தது. வேறு மட்டையை எடுக்க அவர் ஓரத்துக்கு ஓடினார்; அச்சில நொடிகள் முழுக் களத்தையும் இளையவர் தனியாகக் காத்தார். தங்கம் அவர்களுக்கே கிடைத்தது.

ஒன்றை மட்டும் நாங்கள் ஏற்பதில்லை. இப்போது சில சிறுவர்கள் புள்ளி கிடைத்ததும் எதிரணியின் முகத்தை நோக்கிக் கத்துகிறார்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது கூச்சலாலும் சைகையாலும் எதிரியின் கவனத்தைக் கலைப்பது விதிப்படியே தவறு; புள்ளி முடிந்தபின் கத்துவது விதியில் அடங்காவிட்டாலும் அழகில் அடங்காது. வலைக்கு முதுகு காட்டிக் கொண்டாடுங்கள் என்று சொல்லி வருகிறோம். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

அந்த அதிகாரி ஓய்வு பெற்று நெடுங்காலம் ஆகிவிட்டது. முழங்கால் ஒத்துழைக்காவிட்டாலும் குளிர்காலத்தில் அரைமணி நேரம் ஆட வருகிறார். கடந்த மார்கழியில் ஆள் குறைவாக இருந்ததால் எங்கள் குடியிருப்பின் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவரோடு இணை சேர்த்தோம். இருவருக்கும் நடுவே வந்த பந்தை அவர் எட்டிப் பிடிக்கப் பார்த்தார், தவறிவிட்டது. வழக்கம்போல் உச்சுக்கொட்டித் தரையைப் பார்த்தார். அச்சிறுமி அவர் முன்னே வந்து நின்று உள்ளங்கையை உயர்த்தி, “தாத்தா, அடிங்கோ” என்றாள். அவர் இடக்கையைத் தூக்கினார். அதில் கம்பளிக் கையுறை இருந்தது. கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரல் விரலாகக் கழற்றத் தொடங்கினார். எதிர்ப்பக்கம் நின்ற நாங்கள் சர்வீஸ் போடாமல் காத்திருந்தோம்.