ஒரு திர்ஹத்துக்கு துபாய்

ராகலையில இருந்து விசிட்ல வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் முதல்ல கேக்கிறது புர்ஜ் கலீபா. 828 மீற்றர். கீழ நின்னு அண்ணாந்து பார்க்கக் காசு இல்ல, மேல போகத்தான் டிக்கெட்.

நான் முதல்ல கூட்டிட்டுப் போறது தேரா படகுத்துறைக்கு. ஒரு திர்ஹம் குடுத்து அப்ரா படகுல ஏறினா, அக்கரையில பர் துபாய். கரையோரம் மரக்கப்பல்கள்ல பிரிட்ஜ், டயர், மூட்டைன்னு ஏத்திக்கிட்டே இருப்பாங்க. கண்ணாடிக் கட்டடமெல்லாம் வர முந்தியே இந்த ஊர் பிழைச்சது இப்படித்தான். அக்கரையில அல் பஹீதி பக்கம் பவளக்கல் வீடுகள், கூரை மேல காற்றுக் கோபுரங்கள். கரண்ட் இல்லாத காலத்துல மேல அடிக்கிற காத்தைப் பிடிச்சு வீட்டுக்குள்ள இறக்கின வித்தை அது. எந்த மோலை விடவும் எனக்கு இதுதான் துபாய்.

மணல்மேட்டுச் சவாரியும் போகலாம். மணல்ல இறங்க முந்தி டிரைவர் டயர்க் காத்தைக் குறைப்பார். டயர் பரந்து, புதையாம ஓடும். நம்ம உடப்புசல்லாவ மலை ரோட்டு வளைவுகள்ல பஸ்ஸுக்குள்ள வாந்தி எடுக்கிற ஆளுங்க (யாருன்னு உங்களுக்கே தெரியும்) பகல் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சிக்கோங்க.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல மட்டும் டிக்கெட் போடாதீங்க. வெயில் 40 பாகையைத் தாண்டும். டிசம்பர்ல வாங்க, ஸ்வெட்டரோட. பாலைவனத்துலயும் ராத்திரி குளிரும்.