செதிலுக்கும் விலையுண்டு

சந்தையில் மீன் வெட்டும் நாங்கள் செதிலையும் தோலையும் வாளியோடு கொட்டிவிடுகிறோம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூட்டு நோவுக்கென்று மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மா, அவற்றிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதம்தான். செதிலை அமிலத்தில் ஊறவிட்டுச் சுண்ணாம்புச் சத்தைக் கழற்றி, சூடான நீரில் கரைத்தெடுத்து, நொதியத்தால் சிறு துண்டுகளாக்கி உலர்த்துவார்கள். கடலட்டையின் சதையிலும் இது நிறைய உண்டு. ஆறிய மீன்குழம்பு களிபோல இறுகுவதும் இதனால்தான். அக்கா அதைச் சூடாக்கிச் சாப்பிடட்டும்! எந்தப் புரதமும் வயிற்றில் செரித்து உடையும். நேரே முழங்காலுக்கு ஓடாது. கடன்பட்டு அந்த மாவை வாங்காதீர்கள் சகோதரிகளே. ஆனால் செதில் கேட்டு யாரும் வந்தால் சும்மா அள்ளிக் கொடுக்காமல், கழுவிக் காயவைத்து, நிறுத்து, விலை பேசுங்கள்.