அக்கி ஆறிய பின்னும்

அக்கியை அறியாத குடும்பம் நம் ஊர்களில் அரிது. சிறு வயதில் சின்னம்மை கண்டவர்களின் நரம்பு வேர்களில் அந்நோயின் கிருமி ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ உடல் தளர்ந்த வேளையிலோ அது விழித்தெழுந்து, ஏதேனும் ஒரு நரம்பின் வழியே கொப்புளங்களாகப் புறப்படுகிறது. குயவரிடம் சென்று காவிக் குழம்பால் அக்கி எழுதிக்கொள்வது பழைய வழக்கம். எழுபத்தொரு வயதான எங்கள் தாயார் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் எழுதியும் கொண்டார். மருத்துவர் தந்த மாத்திரைகளையும் உட்கொண்டார். மூன்று வாரங்களில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. வலி மட்டும் போகவில்லை.

வலது மார்புக்குக் கீழிருந்து முதுகுவரை, ஒரு கையகலத்திற்குப் பட்டை போட்டாற்போல அது நின்றது. ரவிக்கை உரசினால் தாங்கமாட்டார். மின்விசிறியின் காற்றுப் பட்டாலும் உடல் கூசும். நனைத்த துண்டை மேலே போட்டுக்கொண்டு, பின்னிரவில் திண்ணையில் தனியே அமர்ந்திருப்பார். எட்டு மாதங்கள் இவ்வாறு கழிந்தன. அந்த எட்டு மாதங்களில் நாங்கள் அவரை ஐந்து மருத்துவர்களிடம் அழைத்துச் சென்றோம்.

முதலாமவர் சாதாரண வலி மாத்திரை எழுதினார், ஊசியும் போட்டார். வலி குறையவில்லை, வயிற்றெரிச்சல்தான் மிச்சம். இரண்டாமவர் இதயத்தையும் நுரையீரலையும் ஐயுற்று, இ.சி.ஜி., எக்ஸ்ரே, ஸ்கேன் அனைத்தும் எடுக்கச் செய்து, "எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். மூன்றாமவர் எலும்பு மருத்துவர். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இடுப்புக்கு ஒரு பட்டையும் தந்தார். தோலில் துணி படவே பொறுக்காதவருக்குப் பட்டை! நான்காமவர் தூக்க மாத்திரை எழுதிவிட்டு, எங்களை மட்டும் வெளியே அழைத்து, "வயதானவர்களுக்கு மனத்தில் ஏதாவது இருக்கும்; வீட்டில் கொஞ்சம் அன்பாக இருங்கள்" என்றார். நரம்பு வலிக்கென்று தனி மருந்து உண்டென்று கேள்விப்பட்டோமே என்று பணிவோடு கேட்டோம். "அதெல்லாம் பழக்கமாகிவிடும், இந்த வயதில் வேண்டாம்" என்று கோப்பை மூடிவிட்டார்.

இவர்களில் ஒருவரையும் கெட்டவர் என்று நாங்கள் கருதவில்லை. வாசலில் நூறு பேர் காத்திருக்க, ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்க முடிந்தவர்கள் அவர்கள். சர்க்கரையை அளக்கக் கருவி உண்டு, இரத்தக் கொதிப்பை அளக்கக் கருவி உண்டு. வலியை அளக்க எந்தக் கருவியும் இல்லை. படத்தில் தெரியாதது இல்லாதது என்று கொள்வது, அவசரத்தில் இருப்பவர்க்கு எளிதாகிவிடுகிறது.

வேறொன்றும் எங்கள் கண்ணில் பட்டது. நம் தமிழில் வலி என்பது ஒரே சொல்லன்று. நோவு, குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், திமிர்ப்பு என்று எத்தனையோ வகை! எங்கள் தாயார் ஒவ்வொரு மருத்துவரிடமும், "எரிகிறது ஐயா, தணலை வைத்தாற்போல எரிகிறது, நடுநடுவே கரண்டு பாய்ந்தாற்போலச் சுரீரென்கிறது" என்றே சொன்னார். அவர்கள் சீட்டில் எழுதியதோ, 'மார்பு வலி' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். அடுத்த மருத்துவர் படித்தது அந்தச் சீட்டைத்தான். நோயின் பெயரே அந்த 'எரிகிறது' என்ற சொல்லில் அடங்கியிருந்தது; அது ஏடேறவில்லை.

இதற்கிடையில் வீட்டுக்கு வந்த உறவினர் சிலர், "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றனர். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆயினும், மருந்தைத் தேடுவது விசுவாசக் குறைவோ என்ற கலக்கம் தாயாரின் உள்ளத்தில் புகுந்துவிட்டது. 1957-ஆம் ஆண்டு பெப்ருவரியில், மயக்க மருந்து மருத்துவர்கள் எழுப்பிய வினாக்களுக்கு விடையளித்த பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர், வலி தணிக்கும் மருந்தை நோயாளி ஏற்பது தவறன்று என்று தெளிவாகவே உரைத்திருக்கிறார். அதை எடுத்துச் சொன்ன பிறகே தாயார் ஐந்தாவது மருத்துவரிடம் வரச் சம்மதித்தார்.

அவர் ஒரு மயக்க மருந்து மருத்துவர். வாரம் இருமுறை வலி நோய்க்கென்றே தனியே நோயாளிகளைப் பார்ப்பவர். எங்களைப் பேசவிடாமல், "நீங்களே சொல்லுங்கள் அம்மா" என்றார். பஞ்சைத் திரித்து அந்த இடத்தில் இலேசாக வருடினார். தாயார் துடித்து விலகினார். "வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து, உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எங்கள் தாயார், "எட்டு மார்க்கு போடலாம் ஐயா" என்றார்.

அவர் விளக்கிய விதம் இன்றும் நினைவிருக்கிறது. வாசல் மணியின் கம்பி பழுதானால், பொத்தானை எவரும் அழுத்தாமலே மணி அடித்துக்கொண்டிருக்கும். அக்கி நரம்பைப் பழுதாக்கிவிட்டது. தோல் ஆறினாலும் கம்பி ஆறவில்லை. வீக்கத்தைத் தணிக்கும் சாதாரண மாத்திரைகள் அங்கே அதிகம் பயன்படா. நெடுநாள் உட்கொண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நரம்பின் ஓயாத கூச்சலை அடக்கும் மருந்தே வேண்டும். இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். இதயத்தின் நிலையை முன்னெடுத்த இ.சி.ஜி.யில் பார்த்த பின்பே எழுதினார். சில வாரங்கள் கழித்து, சிறுநீரகச் சோதனை செய்து, காபாபென்டினைச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினார். வாய் உலரும், மலம் கட்டும், தலை சுற்றும், எழுந்து நடக்கும்போது கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள், திடீரென்று நிறுத்திவிடாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "முழுவதும் போய்விடும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன்; எட்டு நாலாகும்" என்றார்.

மருந்துக் கடையில் மற்றொரு தடை. கடைப் பையன் சீட்டைப் பார்த்து, "இது மனநோய்க்கு, இது காக்காய் வலிப்புக்கு, பாட்டிக்கு என்ன?" என்று உரக்கக் கேட்டான். அவன் சொன்னது பொய்யன்று. அமிட்ரிப்டிலின் 1961-இல் மனச்சோர்வுக்கான மருந்தாகவே அமெரிக்காவில் வெளிவந்தது. காபாபென்டின் 1993-இல் அங்கு வலிப்பு நோய்க்கு ஒப்புதல் பெற்றது. அக்கிக்குப் பின் வரும் நரம்பு வலிக்கும் 2002-இல் ஒப்புதல் கிடைத்தது. புதுமையோ அருமையோ இல்லாத மருந்துகள்! இவற்றைப் பெறவா எட்டு மாதங்கள் என்று நினைக்கையில் இன்றும் எங்களுக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆறாவது வாரத்தில் தாயார் தம் மார்க்கை நாலு என்று குறைத்துக்கொண்டார். இரவில் ஐந்து மணி நேரம் தூங்கினார். ரவிக்கை அணிந்து ஞாயிறு பூசைக்கு வந்தார்.

வலியை ஆராயும் உலக மருத்துவர் சங்கம், 1979-இல் தான் வகுத்த வரையறையை 2020-இல் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பைச் சேர்த்திருக்கிறது. அக்கியைத் தடுக்கும் புதிய ஊசியும், ஐம்பது வயதைக் கடந்தோர்க்கென 2023-இல் நம் நாட்டுக்கு வந்துள்ளது. விலைதான் பல ஆயிரம் ரூபாய்.

அந்த மருத்துவரின் யோசனைப்படி நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். எந்த நேரம், எவ்வகை வலி, எது பட்டால் கூடுகிறது, எந்த மருந்து எத்தனை நாள், அதனால் என்ன தொல்லை என்று தாயாரின் சொற்களிலேயே எழுதி வருகிறோம். சென்ற ஆண்டு அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த இளம் மருத்துவர், "இந்த வயதில் இந்த மாத்திரைகள் எதற்கு?" என்றே தொடங்கினார். நாங்கள் நோட்டை அவர் முன் வைத்தோம். சில பக்கங்களைப் புரட்டினார். பின் தாயாரின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "இப்போதும் எரிகிறதா அம்மா?" என்று கேட்டார்.